கருத்தடைக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா? மத நம்பிக்கையைச் சொல்லி மருத்துவமனை மறுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

மயிலாப்பூரில் வசிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது குழந்தைக்கு சிசேரியன் தேதி குறித்தாகிவிட்டது. "அதோடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிடுங்க மேடம்" என்று டாக்டரிடம் கேட்கிறார். "எங்க ஆஸ்பத்திரியில அது பண்றதில்லம்மா. இது மிஷன் ஆஸ்பத்திரி. வெளியில பார்த்துக்கோங்க" என்று பதில் வருகிறது.

சரி என்று வேறொரு தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே செய்கிறார்கள். ஆனால், டிஸ்சார்ஜ் நாளில் பில்லில் ஒரு தொகையை இன்ஷூரன்ஸ் நிறுவனம் கழித்துவிடுகிறது. "கருத்தடைக்கு பாலிசியில கவர் இல்லீங்க" என்கிறார்கள் கவுன்ட்டரில்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால், இதில் வரும் இரண்டு மறுப்புகளும் சென்னையில் யாருக்கு வேண்டுமானாலும் நேரலாம். முதல் மறுப்பு நம்பிக்கையால் வந்தது. இரண்டாவது, பாலிசி விதியால் வந்தது. அமெரிக்காவில் இந்த இரண்டும் ஒரே வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை. ஏன்? இங்கே யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

அமெரிக்காவில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் பெரும்பாலானோருக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் மூலமாகத்தான் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. 2010-ல் அதிபர் ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. அங்கீகரிக்கப்பட்ட கருத்தடை முறைகளுக்கு, ஊழியரிடம் தனியாகப் பணம் வாங்காமல் காப்பீட்டிலேயே இடம் தர வேண்டும் என்பதுதான் அந்த விதி. 2012 ஆகஸ்ட் முதல் இது நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

கைவினைப் பொருட்கள் விற்கும் 'ஹாபி லாபி' என்ற கடைத்தொடரின் உரிமையாளர்கள் இதை எதிர்த்தார்கள். பட்டியலில் இருந்த 20 முறைகளில் 16-க்கு அவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. மீதமுள்ள 4 முறைகள் (இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், கருப்பையில் பொருத்தும் இரண்டு சாதனங்கள்) கருவை அழிக்கக்கூடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்கு தங்கள் பணம் போவதை ஏற்க முடியாது என்றார்கள்.

2014 ஜூன் 30-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குடும்பத்தினர் கையில் இருக்கும் நிறுவனங்களும் மத நம்பிக்கையின் பேரில் விலக்கு கேட்கலாம் என்றது. 2017-ல் டிரம்ப் அரசு இந்த விலக்கை இன்னும் விரிவாக்கியது. 2020-ல், முதியோர் இல்லங்கள் நடத்தும் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்று சம்பந்தப்பட்ட வழக்கில், அந்த விரிவாக்கம் செல்லும் என்று 7-2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

ஆசியாவிலும் ஒரு உதாரணம் உண்டு. கத்தோலிக்கர்கள் அதிகம் வாழும் பிலிப்பைன்ஸில் 2012-ல் இனப்பெருக்க நலச் சட்டம் வந்தது. 2014 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஆனால், மனசாட்சிப்படி மறுக்கும் மருத்துவர், "வேறு இடத்துக்குப் போங்கள்" என்று கட்டாயம் பரிந்துரைக்க வேண்டும் என்ற பகுதியை, அவசர நிலை தவிர மற்ற நேரங்களுக்கு ரத்து செய்தது.

இந்தியாவில் ஏன் இப்படி வழக்கு வரவில்லை?

காரணம் எளிது. இங்கே பணம் போகும் பாதை வேறு.

இந்தியாவில் கருத்தடைச் சேவையை அரசே நேரடியாக இலவசமாகத் தருகிறது. 1952-ல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய நாடு இது. சுவர் விளம்பரத்தில் சிவப்பு முக்கோணமும், "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்றும் தி.நகரிலும் அடையாறிலும் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ஒன்றுக்கு எந்த முதலாளியும் பணம் கட்ட வேண்டியதில்லை. அதனால் முதலாளியின் நம்பிக்கை என்ற கேள்வியே எழவில்லை.

தனியார் இன்ஷூரன்ஸில் நிலைமை நேர் எதிர். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2019-ல் 'எவற்றுக்கெல்லாம் கவர் இல்லை' என்ற பட்டியலுக்கு ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்தது. அதில் 17-வது விலக்கு, மலட்டுத்தன்மை தொடர்பானது. குழந்தையின்மை சிகிச்சை, வாடகைத் தாய் முறை ஆகியவற்றோடு, 'எந்த வகையான கருத்தடையும், கருத்தடை அறுவை சிகிச்சையும்' அந்தத் தலைப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. பெரும்பாலான பாலிசிகளில் இந்த வாசகத்தைப் பார்க்கலாம்.

ஆக, அமெரிக்காவில் முதலாளி மத நம்பிக்கையைச் சொல்லிக் கேட்டு வாங்கிய விலக்கு, இந்தியத் தனியார் பாலிசிகளில் எந்த மதமும் சம்பந்தப்படாமல், யாரும் கேட்காமலேயே அச்சில் இருக்கிறது.

இ.எஸ்.ஐ-யில் என்ன கிடைக்கும்?

அமெரிக்க வழக்கோடு ஒப்பிடக்கூடிய ஒரு இடம் இந்தியாவில் உண்டு. அது இ.எஸ்.ஐ.

தி.நகரில் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை ஜவுளிக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள் பலரின் சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஊழியர்களுக்கு இது பொருந்தும். ஊழியர் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்காக 3.25 சதவீதம் என்று பணம் சேர்கிறது.

இந்தத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஊழியருக்கு, ஆணாக இருந்தால் 7 நாட்கள், பெண்ணாக இருந்தால் 14 நாட்கள் வரை முழுச் சம்பளத்துக்கு இணையான தொகை கிடைக்கும். பின்விளைவு ஏற்பட்டால் இந்த நாட்களை நீட்டிக்கவும் வழி இருக்கிறது. கே.கே.நகரில் உள்ள இ.எஸ்.ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தி.நகர் பகுதி தொழிலாளர்களுக்குப் பக்கத்தில் இருப்பது.

கவனிக்க வேண்டியது இதுதான். முதலாளி எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், கருத்தடையை எவ்வளவு எதிர்ப்பவராக இருந்தாலும், அந்த 3.25 சதவீதத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். "என் பணத்துல இதைச் செய்யக் கூடாது" என்று சொல்ல இ.எஸ்.ஐ சட்டத்தில் இடமில்லை.

இ.எஸ்.ஐ-க்கு வெளியே உள்ள பெண் ஊழியர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தில் 1995-ல் சேர்க்கப்பட்டு, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள பிரிவின்படி, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண்ணுக்கு சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு தர வேண்டும். சான்று கொடுத்தால் போதும். எச்.ஆர் பிரிவில் பலருக்கே இது தெரிவதில்லை என்பதால், விண்ணப்பத்தில் சட்டத்தின் பெயரைக் குறிப்பிடுவது நல்லது.

எந்த மதம் என்ன சொல்கிறது?

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடுதான் இதில் மிகத் தெளிவாக எழுதிவைக்கப்பட்டது. 1968 ஜூலையில் போப் ஆறாம் பால் வெளியிட்ட 'ஹ்யூமனே விட்டே' என்ற சுற்றுமடல், செயற்கைக் கருத்தடை முறைகள் கூடாது என்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியைக் கணக்கிட்டுத் தவிர்க்கும் இயற்கை முறையை அது ஏற்கிறது. சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் தலைமைப் பேராலயம் சாந்தோமில்தான் இருக்கிறது. இந்தப் போதனையைப் பின்பற்றும் கத்தோலிக்க மருத்துவமனைகள் நாடு முழுவதும் உள்ளன.

புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலானவை கருத்தடையைத் தம்பதியின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. ஆங்கிலிக்கன் சபை 1930-லேயே தன் நிலையைத் தளர்த்தியது. இஸ்லாமிய அறிஞர்களில் பலர், கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் தற்காலிக முறைகளை ஏற்கிறார்கள். நிரந்தர அறுவை சிகிச்சையில்தான் பலருக்கு ஆட்சேபம். இந்து சமயத்தில் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே தலைமைப் பீடம் கிடையாது. அங்கே தடை வந்தால் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்துதான் வருகிறது.

ஒரு மதம் சொல்வதும், அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் எடுக்கும் முடிவும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. சட்டம் பார்ப்பதும் அந்தத் தனிநபரின் முடிவைத்தான்.

டாக்டர் மறுக்கலாமா?

இதற்கு எழுத்தில் ஒரு விதி இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வெளியிட்ட நடத்தை விதிகளில் 7-வது அத்தியாயம், எவையெல்லாம் ஒழுங்கீனம் என்று பட்டியலிடுகிறது. அதில் 7.15-வது விதி சொல்வதன் சாரம்: கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை, கருக்கலைப்பு ஆகியவற்றுக்கு மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காரணம் காட்டி மருத்துவர் மறுக்கக் கூடாது. அதைச் செய்யத் தனக்குத் திறமை போதாது என்று அவர் கருதினால் மட்டுமே விலகிக்கொள்ளலாம்.

2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்தாலும், எதிர்ப்பு கிளம்பியதால் சில வாரங்களிலேயே அவற்றை நிறுத்திவைத்தது. அதனால், 2002 விதிகள்தான் அமலில் தொடர்ந்தன.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, 'மருத்துவக் காரணம் இருக்கும்போது' என்ற சொற்கள். மூன்றாவது சிசேரியன், இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் போன்ற நிலையில் இன்னொரு கர்ப்பம் உயிருக்கு ஆபத்து என்றால் விதி வலுவாகப் பொருந்தும். "எங்களுக்கு ரெண்டு குழந்தை போதும்" என்ற சொந்த முடிவு மட்டும் இருந்தால், மருத்துவர் வேறு வாதம் வைக்க முடியும்.

இரண்டாவது, இந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்துகிறது, மருத்துவமனையை அல்ல. ஒரு மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால், "இந்தச் சேவை எங்களிடம் இல்லை" என்று ஒரு தனியார் நிர்வாகம் முடிவெடுத்தால், அதைக் கட்டாயப்படுத்தத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கும் மருத்துவருக்கு ஆட்சேபம் இல்லாவிட்டாலும், நிர்வாகம் அனுமதிக்காதபோது அவராலும் செய்ய முடியாது.

மறுப்பதால் யாருக்கு என்ன இழப்பு?

"வேற ஆஸ்பத்திரிக்குப் போனா முடிஞ்சுதே" என்று தோன்றலாம். பிரசவ விஷயத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கு வசதியான நேரங்கள் சில உண்டு. சிசேரியன் செய்யும்போதே கருக்குழாயைக் கட்டிவிடலாம். ஏற்கெனவே வயிறு திறந்திருப்பதால் தனி வெட்டு தேவைப்படாது. சுகப்பிரசவம் என்றால் 7 நாட்களுக்குள் சிறிய அறுவை சிகிச்சையாகச் செய்யலாம். இந்த நேரத்தைத் தவறவிட்டால் 6 வாரம் கழித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அதாவது, பிரசவம் நடந்த மருத்துவமனை மறுத்தால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இரண்டாவது முறை மயக்க மருந்து, இரண்டாவது முறை அறுவை சிகிச்சை, இரண்டாவது முறை செலவு என்று போக வேண்டும். மறுப்பவருக்கு அது கொள்கை. அந்தப் பெண்ணுக்கு அது உடம்பில் இன்னொரு தையல். பிரசவத் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே தெரிந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் இதில் வேதனை.

அரசியல் சாசனம் சொல்வது என்ன?

இந்திய அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, மனசாட்சி சுதந்திரத்தையும் மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. ஆனால், அந்தப் பிரிவு தொடங்குவதே ஒரு நிபந்தனையோடுதான். பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை.

மத சுதந்திரமும் குடும்பக் கட்டுப்பாடும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று இந்திய உச்ச நீதிமன்றத்திலும் வந்தது. இரண்டுக்கு மேல் குழந்தை உள்ளவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் போட்டியிட முடியாது என்று ஹரியானா அரசு சட்டம் வைத்திருந்தது. தங்கள் மத உரிமையில் தலையிடுவதாகவும் சொல்லி இதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2003 ஜூலை 30-ம் தேதி 'ஜாவேத் எதிர் ஹரியானா அரசு' வழக்கில், நீதிபதி ஆர்.சி.லஹோட்டி தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. மதம் ஒன்றை அனுமதிப்பது வேறு, கட்டாயம் என்று சொல்வது வேறு. அனுமதி என்பதாலேயே அது மத உரிமை ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் ஹரியானா அரசே அந்தச் சட்டத்தைக் கைவிட்டது.

2009-ல் 'சுசிதா ஸ்ரீவாஸ்தவா' வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொரு கோணத்தில் பேசியது. குழந்தை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்வது, 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தின் ஒரு பகுதி என்றது. கருத்தடை முறையைத் தேர்ந்தெடுப்பதும் அதில் அடங்கும்.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவரின் நம்பிக்கை அவருடைய சொந்த வாழ்க்கைக்குக் கவசம். அதை இன்னொருவரின் உடல் மீது எவ்வளவு தூரம் நீட்டலாம் என்ற கேள்விக்கு, தனியார் மருத்துவமனை விஷயத்தில் இந்தியாவில் இன்னும் நேரடியான தீர்ப்பு இல்லை.

மருந்துக் கடையில் 'இல்லை' என்பது ஏன்?

சென்னையில் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் இன்னொரு இடம் மருந்துக் கடை.

அவசரக் கருத்தடை மாத்திரை, பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டியது. 2005-ல் இதை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க மத்திய அரசு அனுமதித்தது. 2007-ல் 'ஐ-பில்' சந்தைக்கு வந்தது. ஆனால், தமிழ்நாட்டில் பல கடைகளில் இது கிடைப்பதில்லை என்று ஆண்டுக்கணக்கில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. தடை உத்தரவு எதுவும் கிடையாது. ஆனாலும், "அது நாங்க வைக்கிறதில்ல" என்பதுதான் பதில்.

2000-களின் பிற்பகுதியில் விளம்பரங்களுக்கு எதிராக எழுந்த புகார்களும், இது கருக்கலைப்பு மாத்திரை என்ற பிரசாரமும், அதிகாரிகளின் கெடுபிடியும் சேர்ந்து கடைக்காரர்களை ஒதுங்க வைத்தன. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேறு. இந்த மாத்திரை கருமுட்டை வெளியாவதைத் தடுக்கிறது அல்லது தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே உருவான கர்ப்பத்தை இது கலைக்காது. ஹாபி லாபி வழக்கின் மையத்தில் இருந்ததும் இதே சந்தேகம்தான். அங்கே அது நீதிமன்றத்தில் வாதமானது. இங்கே யாரும் விவாதிக்காமல் கடை அலமாரியிலிருந்து மருந்து காணாமல் போனது. காத்திருக்க நேரமே இல்லாத ஒரு மருந்துக்கு, நாலு கடை ஏறி இறங்க வைப்பதே மறுப்புதான்.

பெசன்ட் நகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. பெசன்ட் நகர் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த அன்னி பெசன்ட் கருத்தடைக்காக நீதிமன்றம் ஏறியவர்.

1877-ல் லண்டனில், கருத்தடை பற்றி சார்லஸ் நோல்டன் எழுதிய சிறுநூலை சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து மறுபதிப்பு செய்தார். ஆபாச நூல் வெளியிட்டதாக வழக்கு. ஜூரி குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் தொழில்நுட்பக் காரணத்தால் தண்டனை ரத்தானது. ஆனால், 1878-ல் அவருடைய மகளை வளர்க்கும் உரிமையை நீதிமன்றம் பறித்து, பாதிரியாரான கணவரிடம் கொடுத்தது. நாத்திகர் என்பதும், இந்த நூலை வெளியிட்டார் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

கதையின் அடுத்த பகுதி இன்னும் சுவாரஸ்யம். 1889-ல் தியசாபிகல் சொசைட்டியில் சேர்ந்த பிறகு, புதிய ஆன்மிக நம்பிக்கையின் காரணமாக, கருத்தடை பற்றி தான் எழுதிய நூலை 1891-ல் அவரே விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார். பிறகு 1907 முதல் 1933-ல் மறையும் வரை அந்த அமைப்பின் தலைவராக அடையாறில் இருந்தார். ஒரே பெண், நம்பிக்கை இல்லாதபோது ஒரு முடிவும், நம்பிக்கை வந்தபோது வேறு முடிவும் எடுத்தார். இரண்டுமே அவருடைய மனசாட்சிப்படி எடுத்த முடிவுகள். நீதிமன்றம் அவர் மேல் திணித்தது மட்டும்தான் அவர் தேர்ந்தெடுக்காதது.

அவர் அடையாறில் இருந்த காலத்திலேயே, 1920-களின் இறுதியில், சென்னையில் கருத்தடைக்காக 'மெட்ராஸ் நியோ மால்தூசியன் லீக்' தொடங்கியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேப்பா ராமேசம் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். குடும்பப் பொருளாதாரம், ஆரோக்கியம் என்ற அடிப்படையில் அவர்கள் பேசினார்கள். பெரியார் வேறு காரணம் சொன்னார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கருத்தடைக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் நலம் என்று சொல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்பது அவர் வாதம்.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை என்ன ஆகும்?

மத சுதந்திரத்தின் மறுபக்கமும் உண்டு. கருத்தடை வேண்டாம் என்று நம்புபவரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.

1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவில் நடந்த கட்டாய அறுவை சிகிச்சைகள் இன்றும் மறக்கப்படவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்த குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் 'தேவிகா பிஸ்வாஸ்' வழக்கில், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறைமுகமாக இலக்கு வைத்துப் பெண்களை நெருக்குவதையும் கண்டித்தது.

அரசின் விருப்பமும் காலத்துக்குக் காலம் மாறும். தமிழ்நாட்டின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் 1.8 ஆக இருந்தது. குறைவாகப் பெறுங்கள் என்று பல பத்தாண்டுகள் சொன்ன மாநிலத்தில், 2025 மார்ச்சில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். அரசு எந்தப் பக்கம் இழுத்தாலும், முடிவு தம்பதியுடையது, குறிப்பாகப் பெண்ணுடையது என்பதுதான் சட்டத்தின் நிலை.

நீங்கள் செய்யக்கூடியது என்ன?

• கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கேளுங்கள்: "டெலிவரியோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காப்பர்-டி ரெண்டும் இங்க பண்ணுவீங்களா?" என்று முதல் சில செக்-அப்களிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் மருத்துவமனையை மாற்ற நேரம் இருக்கும்.

• மருத்துவக் காரணம் இருந்தால் எழுதி வாங்குங்கள்: இன்னொரு கர்ப்பம் ஆபத்து என்று மருத்துவர் கருதினால், அது கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். 7.15 விதியும் அப்போதுதான் கைகொடுக்கும்.

• பாலிசியில் விலக்குப் பட்டியலைப் பாருங்கள்: மலட்டுத்தன்மை என்ற தலைப்பின் கீழ் கருத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலக குரூப் பாலிசியாக இருந்தால், பிரசவ கவரில் இது சேருமா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

• அதிக ரத்தப்போக்கு போன்ற நோய்க்கு ஹார்மோன் சாதனம் பொருத்தினால்: அது கருத்தடை என்று நினைத்து க்ளெய்மை நிராகரிக்க வாய்ப்பு உண்டு. என்ன நோய்க்காகப் பொருத்தப்பட்டது என்று மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள்.

• அரசு மையங்களில் இலவசம்: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஆணுறை, தினசரி மாத்திரையான மாலா-என், வார மாத்திரை சாயா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி, ஆண், பெண் இருபாலருக்குமான அறுவை சிகிச்சை ஆகியவை அரசுத் திட்டத்தில் உள்ளவை. அவசரக் கருத்தடை மாத்திரையும் அரசின் பட்டியலில் உண்டு. மயிலாப்பூர்க்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனையும், திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையும் பக்கம். எங்கே எது கிடைக்கும் என்று 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

• கணவர் கையெழுத்து: அரசின் வழிகாட்டுதலின்படி, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்குத் துணையின் சம்மதம் கட்டாயம் இல்லை. 2002 மருத்துவக் கவுன்சில் விதிகள் இருவரின் சம்மதத்தையும் கேட்பதால், தனியார் மருத்துவமனைகள் கையெழுத்து கேட்பது வழக்கம். அரசு மையத்தில் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், வழிகாட்டுதலைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

• கட்டாயப்படுத்தினால்: பிரசவத்துக்கு வந்த இடத்தில் "காப்பர்-டி போட்டாத்தான் டிஸ்சார்ஜ்" என்பது போன்ற நெருக்கடி சட்டப்படி தவறு. சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது.

மொத்தத்தில், கருத்தடைக்கான மறுப்பு இந்தியாவில் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. மருத்துவமனை வரவேற்பறையிலும், மருந்துக் கடை கவுன்ட்டரிலும், இன்ஷூரன்ஸ் மேசையிலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மறுப்பவருக்கு அவருடைய நம்பிக்கை இருக்கலாம். ஆனால், மறுக்கப்போகிறேன் என்பதை முன்கூட்டியே, தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த மதமும் தடையில்லை. அதுவரை, அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுவிடுவதுதான் பெண்களுக்கு இருக்கும் நிச்சயமான வழி.